சேவை செய்வோரையும் பேணிய செம்மல் – புனித வின்சென்ட் தே பவுல்

ஒரு வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தால் முதல் வாரம் வாசலில் செருப்புகள் நிறைந்திருக்கும். பழங்கள் குவியும், ஆறுதல் மொழிகள் குவியும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கட்டிலருகே ஒரே ஒருத்தி இருப்பாள். அவள் மனைவியாகவோ, மகளாகவோ, மருமகளாகவோ இருக்கலாம். இரவில் தூக்கமில்லை, பகலில் ஓய்வில்லை. நாளடைவில் முகத்தில் சிரிப்பு மறைகிறது. சொல்லில் கடுமை ஏறுகிறது. நோயாளியின் நலனை எல்லோரும் விசாரிக்கிறார்கள். அவள் நலனை விசாரிப்பார் யார்?

மருத்துவமனைத் தாதியருக்கும், முதியோர் இல்லத்துச் சகோதரிகளுக்கும், அநாதை இல்லப் பணியாளர்களுக்கும் இதே நிலைதான். அன்பினால் தொடங்கிய பணி களைப்பினால் கசந்து போவது உண்டு. ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சு நாட்டில் இந்த உண்மையைக் கண்டுணர்ந்து, அதற்கு வழியும் வகுத்தவர் ஒரு குடியானவரின் மகன். ஏழைகளின் தந்தை என்று உலகம் போற்றும் புனித வின்சென்ட் தே பவுல் அவர்களே அவர். ஏழைகளுக்குத் தொண்டு செய்த புனிதர் பலர் உண்டு. தொண்டு செய்வோர் சோர்ந்து விழாதபடி காத்த புனிதர் என்ற வகையில் இவரை நாம் அதிகமாக நினைப்பதில்லை. இந்த ஜூபிலி ஆண்டில் அவரை அப்படியும் நினைத்துப் பார்ப்போம்.

இளமையும் மனமாற்றமும்

பிரான்சு நாட்டின் தென்மேற்கில் டாக்ஸ் நகருக்கு அருகே உள்ள பூய் என்னும் சிற்றூரில் 1581-ஆம் ஆண்டு வின்சென்ட் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். சிறு வயதில் தந்தையின் ஆடு மாடுகளையும் பன்றிகளையும் மேய்த்தார். பையனின் அறிவுக் கூர்மையைக் கண்ட தந்தை அவரை டாக்ஸ் நகருக்குப் படிக்க அனுப்பினார். அங்கே ஒரு நாள் தம்மைக் காண வந்த தந்தையின் கந்தல் உடையையும் நொண்டி நடையையும் கண்டு வெட்கப்பட்டு, அவரைப் பார்க்க மறுத்துவிட்டார். முதுமையிலும் இதைச் சொல்லிச் சொல்லி மனம் வருந்தினார் அந்தப் புனிதர்.

1600-ஆம் ஆண்டு, இருபது வயதுகூட நிரம்பாத நிலையில் குருப்பட்டம் பெற்றார். நல்ல வருமானமுள்ள பதவி ஒன்றைப் பெற்று, குடும்பத்தைக் காப்பாற்றி, நிம்மதியாக வாழ வேண்டும் என்பதே அன்று அவருடைய ஆசை. 1613-ல் கோந்தி என்னும் பெரும் பிரபுவின் இல்லத்தில் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அமர்ந்தார். அந்தப் பிரபுவின் நிலங்களில் வாழ்ந்த ஏழைக் குடியானவர்களின் ஆன்ம வறுமையையும் உடல் வறுமையையும் நேரில் கண்டபோது அவருடைய உள்ளம் மெல்ல மெல்ல மாறியது. இறைவன் தம்மை எதற்கு அழைக்கிறார் என்பது அவருக்குத் தெளிவாகத் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்பித்த பாடம்

1617-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஷத்தியோன் என்னும் சிற்றூரில் வின்சென்ட் பங்குக் குருவாக இருந்தார். ஒரு ஞாயிறன்று திருப்பலிக்காக உடை அணிந்துகொண்டிருந்தபோது ஒரு பெண்மணி வந்து, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் அனைவருமே நோயுற்றுக் கிடப்பதாகவும், ஒருவருக்கொருவர் உதவக்கூட ஆளில்லை என்றும் சொன்னார். வின்சென்ட் தம் மறையுரையில் அந்தக் குடும்பத்துக்காக உருக்கமாகப் பேசினார்.

பிற்பகலில் தாமே அந்த வீட்டுக்குப் புறப்பட்டார். வழியில் அவர் கண்ட காட்சி அவரை வியக்க வைத்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்; வேறு பலர் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்; வெயில் தாங்காமல் சிலர் சாலையோரத்தில் உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். நோயாளிகளின் வீட்டிலோ உணவுப் பொருட்கள் குவிந்து கிடந்தன.

மற்றொரு குருவாயிருந்தால் தம் மறையுரையின் பலனைக் கண்டு மகிழ்ந்து திரும்பியிருப்பார். வின்சென்ட் சிந்தித்தார். இன்று இத்தனை உணவு! இந்த ஏழைகளால் ஒரே நாளில் உண்ண முடியுமா? மீதி கெட்டுப் போகும். நாளை மறுநாள் மறுபடியும் பட்டினிதானே? வந்தவர்களும் ஒரே நாளில் களைத்துவிட்டார்களே! இந்த மக்களிடம் அன்பு குறைவில்லை, ஒழுங்குதான் இல்லை என்று அவர் உணர்ந்தார்.

மூன்றே நாளில் ஊர்ப் பெண்களை அழைத்துப் பேசினார். அவ்வாண்டு முடிவதற்குள் முதல் பிறரன்புச் சங்கம் பிறந்தது. அதற்கு அவர் எழுதிய ஒழுங்குகள் இன்று படித்தாலும் புதுமையாக இருக்கின்றன. நோயாளிகளைப் பேணும் கடமை முறை வைத்துப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருத்திக்கு ஒரு நாள், மறுநாள் அடுத்தவள். தன் முறை முடிந்தவள் மனநிம்மதியுடன் தன் வீட்டைக் கவனிக்கலாம். பணத்துக்கும் பொருளுக்கும் தனிப் பொறுப்பாளர் இருந்தார். உணவு கொண்டு செல்பவள் முகமலர்ச்சியோடு நோயாளியை வாழ்த்த வேண்டும். துணைக்கு ஆள் உள்ள நோயாளிகளிடம் முதலில் போய்விட்டு, யாருமற்றவர்களிடம் கடைசியில் போக வேண்டும். அப்போதுதான் அவர்களோடு அதிக நேரம் இருக்க முடியும்.

இத்துடன் அவர் நிற்கவில்லை. சங்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் சகோதரிகளாக நேசிக்க வேண்டும். தங்களில் ஒருத்திக்குத் துன்பமோ நோயோ வந்தால் மற்றவர்கள் சென்று ஆறுதல் சொல்ல வேண்டும். ஒருத்தி இறந்தால் எல்லோரும் கூடி அடக்கத்தில் பங்குபெற்று, அவளுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தார். நோயாளிகளுக்காகப் பிறந்த சங்கத்தில் தொண்டர்களுக்கும் இடம் இருந்தது.

ஓர் அம்மையாரின் கண்ணீர்

1625-ஆம் ஆண்டளவில் லூயிஸ் தே மரிலாக் என்னும் அம்மையார் வின்சென்ட் அடிகளாரின் ஆன்ம வழிகாட்டுதலை நாடி வந்தார். நோயாளியைப் பேணுவதன் பாரம் என்னவென்று அனுபவத்தில் அறிந்தவர் அவர். அவருடைய கணவர் அந்துவான் லெ கிரா நீண்ட காலம் நோயுற்றிருந்தார். அந்த ஆண்டுகளில் லூயிஸ் கடும் மனச்சோர்வுக்கு ஆளானார். இறைவன் தம்மைக் கைவிட்டாரோ என்ற ஐயம்கூட அவரை வாட்டியது. 1623-ஆம் ஆண்டு பெந்தகோஸ்தே திருநாளன்று செபத்தில் அவருக்கு ஒளி பிறந்தது. கணவரைக் கடைசி வரை அன்போடு பேணினார். 1625 டிசம்பரில் கணவர் இறந்தார். கையில் ஒரே மகன்.

வின்சென்ட் அவரை அவசரப்படுத்தவில்லை. ஏழைகளுக்காக உடனே தம்மை முழுவதும் கையளிக்க வேண்டும் என்று லூயிஸ் துடித்தபோது, பொறுத்திருக்கச் சொன்னார். 1629-ல்தான் பிறரன்புச் சங்கங்களைப் பார்வையிட அவரை அனுப்பினார். கடிதத்துக்குக் கடிதம் அவருடைய உடல்நலத்தை விசாரித்தார். அளவுக்கு மீறி உழைப்பதும் ஒரு சோதனையே. சக்திக்கு மேல் செய்யத் தூண்டி, பிறகு எதையுமே செய்ய முடியாமல் ஆக்கிவிடுவது பகைவனின் தந்திரம் என்று அவருக்கு எச்சரித்தார். தியாகம் என்ற பெயரில் உடலைக் கெடுத்துக்கொள்வதை அவர் புண்ணியமாகக் கருதவில்லை.

பிறரன்பின் புதல்வியர்

பாரிஸ் மாநகரில் பிறரன்புச் சங்கத்தில் சேர்ந்த சீமாட்டிகள் பலருக்கு நோயாளிகளின் புண்ணைக் கழுவவும், கஞ்சிப் பானையைத் தூக்கவும் இயலவில்லை, வேலைக்காரிகளை அனுப்பினார்கள். அந்த வேளையில் மார்கரீத் நாசோ என்னும் கிராமத்துப் பெண் தானாக முன்வந்தாள். மாடு மேய்த்துக்கொண்டே, வழியில் போவோரிடம் எழுத்துக்களைக் கேட்டுக் கேட்டுப் படிக்கக் கற்றவள். கற்றதைப் பிறருக்கும் கற்பித்தவள். அவளைப் பார்த்து வேறு பெண்களும் வந்தார்கள். கொள்ளை நோய் கண்ட ஒரு பெண்ணைத் தன் படுக்கையிலேயே படுக்க வைத்தாள் மார்கரீத். நோய் தொற்றியது. 1633-ஆம் ஆண்டு அவள் இறந்தாள்.

அதே ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், ஆங்காங்கே தனித்தனியாக உழைத்துக்கொண்டிருந்த இந்தப் பெண்களில் சிலரை லூயிஸ் அம்மையார் தம் வீட்டில் ஒரே குடும்பமாகச் சேர்த்தார். பிறரன்பின் புதல்வியர் சபை இவ்விதம் உதயமாயிற்று. மதிலுக்குள் அடங்கி வாழும் கன்னியர்களையே அறிந்திருந்த அக்காலத்தில், தெருவிலும் மருத்துவமனையிலும் நடமாடும் சகோதரிகள் பெரும் புதுமை.

இச்சகோதரிகளின் வாழ்வு எளிதானதல்ல. காலை நான்கு மணிக்கு எழுந்தார்கள். ஆனால் இரவு ஒன்பது மணியளவில் படுக்கைக்குச் செல்லவும் ஒழுங்கு இருந்தது. செபவேளையில் நோயாளி அழைத்தால் செபத்தை விட்டுப் போகலாம். அங்கேயும் இறைவனையே காண்பார்கள் என்று வின்சென்ட் கற்பித்து, அவர்கள் மனத்தில் இருந்த குற்ற உணர்வை நீக்கினார். தொலைவிலுள்ள ஊர்களுக்குக் கூடுமானவரை தனியாக அல்லாமல், துணையோடு அனுப்பினார்கள். 1640-ஆம் ஆண்டு ஆன்ஜே நகர மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றபோது லூயிஸ் அம்மையார் தாமே அங்கு சென்று நிர்வாகிகளோடு ஒப்பந்தம் செய்தார். சகோதரிகள் கூலிக்காரிகளாக அல்ல, அந்த வீட்டின் பிள்ளைகளாக நடத்தப்பட வேண்டும் என்பதில் சபை உறுதியாக இருந்தது. தொலைவில் இருந்த சகோதரிகளுக்கு அம்மையார் எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கானவை. உடம்பு எப்படி, ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகிறீர்களா என்ற தாயின் விசாரிப்பு அவற்றில் நிறைந்திருக்கும்.

வின்சென்ட் அடிகளார் சகோதரிகளை அடிக்கடி கூட்டி உரையாடினார். தாம் மட்டும் பேசவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத சகோதரியையும் எழுப்பி, அவள் எண்ணத்தைக் கேட்டார். ஒரு சகோதரி இறந்தால் அனைவரும் கூடி, அவளிடம் கண்ட நற்குணங்களை ஒவ்வொருவராகச் சொல்வார்கள். துக்கத்தை மனத்துக்குள் புதைத்துவிட்டு மறுநாள் வேலைக்கு ஓட வேண்டியதில்லை. 1642 மார்ச் 25-ஆம் நாள் லூயிஸ் அம்மையாரும் நான்கு சகோதரிகளும் முதன்முதலாக வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். இச்சபையின் வார்த்தைப்பாடு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. தன்னை நிதானமாக ஆராய்ந்து, சுதந்திர மனத்தோடு மீண்டும் ஆம் என்று சொல்ல ஒவ்வோர் ஆண்டும் ஒரு வாய்ப்பு!

அன்பு தளர்ந்த வேளை

எவ்வளவு ஒழுங்கு இருந்தாலும் தளர்ச்சி வராமல் இருப்பதில்லை. பாரிஸ் தெருக்களில் கைவிடப்பட்ட குழந்தைகளைப் பேணும் பணி 1638-ல் தொடங்கியது. செலவு மலைபோல் பெருகியது; நாட்டில் குழப்பம் மிகுந்தது. 1647-ஆம் ஆண்டளவில், உதவி வந்த சீமாட்டிகள் இனி முடியாது என்று சோர்ந்தார்கள். வின்சென்ட் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவர்களைக் கூட்டி, இதுவரை செய்த நன்மையை நினைவூட்டினார். நீங்கள் தாய்களாக இருந்ததால் இக்குழந்தைகள் பிழைத்தார்கள். நீங்கள் கைவிட்டால் மடிவார்கள். முடிவு உங்களுடையது என்று உணர்த்தினார். அவர்கள் கண்ணீரோடு பணியைத் தொடர முன்வந்தார்கள்.

1658-ல் காயமுற்ற போர்வீரர்களைப் பேண நான்கு சகோதரிகள் கலே நகருக்குச் சென்றார்கள். அவர்களில் இருவர் நோயுற்று இறந்தார்கள். செய்தி கேட்டதும் அவர்கள் இடத்தை நிரப்ப மற்றவர்கள் முன்வந்தார்கள். பேணப்பட்டவர்களால்தான் இவ்வளவு கொடுக்க முடிந்தது.

அந்திம காலம்

பிறருக்கு ஓய்வைக் கற்பித்த வின்சென்ட், தமக்கு வரும் உதவியை ஏற்க எளிதில் இசையவில்லை. அடிக்கடி வந்த காய்ச்சலும் கால் வீக்கமும் அவரை வாட்டின. முதுமையில் ஐகியோன் சீமாட்டி ஒரு வண்டியைக் கொடுத்தபோது கூச்சத்தால் மறுத்துப் பார்த்தார். இறுதியில் கீழ்ப்படிந்து ஏற்றுக்கொண்டார். வழியில் கண்ட ஏழைகளையும் அதில் ஏற்றிக்கொண்டார். உதவி செய்வது போலவே உதவியை ஏற்பதும் தாழ்ச்சிதான் என்பதைப் புனிதரும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

1660 மார்ச் 15-ஆம் நாள் லூயிஸ் அம்மையார் மரித்தார். நடக்க இயலாத வின்சென்ட் அவரைப் போய்ப் பார்க்க முடியவில்லை. நீங்கள் முன்னே செல்கிறீர்கள், விரைவில் விண்ணகத்தில் சந்திப்போம் என்ற கருத்தை மட்டும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். அதே ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், விடியற்காலையில், நாற்காலியில் அமர்ந்தபடியே அவரும் அமைதியாக உயிர்நீத்தார். 1737-ல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. 1885-ல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் அவரை எல்லாப் பிறரன்புப் பணிகளுக்கும் பாதுகாவலராக அறிவித்தார். லூயிஸ் அம்மையாரும் 1934-ல் புனிதராக்கப்பட்டார்.

நமக்கு ஒரு பாடம்

1833-ல் பாரிஸ் நகரில் பிரெடரிக் ஓசானாம் என்ற இளைஞரும் அவர் தோழர்களும் தொடங்கிய சபை புனித வின்சென்டைத் தன் பாதுகாவலராகக் கொண்டது. தமிழகப் பங்குகள் பலவற்றில் இச்சபையார் ஏழைகளின் இல்லங்களை இருவர் இருவராகச் சந்திப்பதை நாம் அறிவோம். தனியாகச் சுமக்காதே என்ற அந்தப் பழைய ஞானம் இன்றும் வாழ்கிறது.

பங்கு மக்களே, ஜூபிலிக் கொண்டாட்டம் முடிந்து தோரணங்கள் இறங்கிய பின்னும் நோயாளிகள் இருப்பார்கள். அவர்களைப் பேணுவோரும் இருப்பார்கள். நம் அன்பியத்தில், நம் தெருவில், படுக்கையில் கிடப்பவரைத் தனியாகக் கவனிப்பவர் யார் என்று கேட்டறிவோம். வாரத்தில் ஒரு பிற்பகல் நாம் போய் அமர்ந்தால் அவர் சற்றுத் தூங்குவார். ஒரு ஞாயிறு நாம் துணை இருந்தால் அவர் திருப்பலிக்கு வருவார். இல்லங்கள் நடத்துவோர் தம் பணியாளருக்கு உரிய ஓய்வையும், உரிய ஊதியத்தையும், மனம்விட்டுப் பேச ஒரு வேளையையும் கொடுப்பார்களாக. பணியாற்றுவோரும் களைப்பை மறைக்காமல், கைநீட்டி வரும் உதவியை ஏற்பார்களாக. முறை வைத்து அன்பு செய்யக் கற்பித்த புனித வின்சென்ட் நமக்காக இறைவனை மன்றாடுவாராக!