நம்ம ஊர் மந்திரி



நம்ம குன்றத்தூரில் பிறந்து, 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் சேக்கிழார். இயற்பெயர் அருண்மொழித்தேவர். இரண்டாம் குலோத்துங்க சோழனின் முதலமைச்சர். நாட்டையே பார்த்துக்கணும்னா எவ்வளவு வேலை இருந்திருக்கும்! அப்படிப்பட்டவர் சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அமர்ந்து, 63 நாயன்மார்களைப் பற்றிப் பெரியபுராணம் பாடினார்.

அதில் திருநின்றவூர் பூசலார் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவரிடம் காசு இல்லை. மனசுக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் கோயில் கட்டினார். காஞ்சியில் ராஜா கட்டிய கோயிலை விட்டுட்டு, சிவன் முதலில் இங்கேதான் வந்தாராம்!

நம்ம வீட்டிலும் டிவி சத்தம், ஷிப்ட் வண்டி ஹாரன், தம்பி அழுகை. தனி ரூம் இல்லைன்னா என்ன? தினமும் அஞ்சு நிமிஷம் கண்ணை மூடி உட்காருங்க. அந்த இடத்துக்கு வாடகை கிடையாது!

– 9ஆம் வகுப்பு மாணவி