மாரிஸ் வில்க்ஸ்

சர் மாரிஸ் வின்சென்ட் வில்க்ஸ் (ஜூன் 26, 1913 – நவம்பர் 29, 2010) இங்கிலாந்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். நிரலைத் தன் நினைவகத்திலேயே சேமித்து இயங்கிய தொடக்ககாலக் கணினிகளுள் ஒன்றான எட்சாக்கை உருவாக்கியவர். 'கேச்' என இன்று வழங்கும் பதுக்கு நினைவகத்தின் கருத்தை 1965 இல் கட்டுரையாக வெளியிட்டவரும் இவரே.

வாழ்க்கை

வில்க்ஸ் டட்லி நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, அயனமண்டலத்தில் வானொலி அலைகள் பரவும் விதத்தை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் ஆய்வில் ஈடுபட்டார். 1945 இல் கேம்பிரிட்ஜ் கணித ஆய்வகத்தின் தலைவரானார். 1946 இல் அமெரிக்காவில் நடைபெற்ற கணினி விரிவுரைகளில் கலந்துகொண்டு, நாடு திரும்பும் கப்பற் பயணத்திலேயே எட்சாக்கின் வடிவமைப்பைத் தொடங்கினார்.

எட்சாக்கும் தொடக்க ஆணைகளும்

எட்சாக் 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை இயக்கியது. பாதரசக் குழாய்களில் ஓடும் ஒலியலைகளே அதன் நினைவகம். எனவே மின்சாரம் நின்றால் அதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும். நிரலைப் படிப்பதற்கும் ஒரு நிரல் தேவை என்ற இச்சிக்கலை, வில்க்ஸின் மாணவர் டேவிட் வீலர் எழுதிய 31 ஆணைகள் தீர்த்தன. தொலைபேசி இணைப்பகங்களில் பயன்பட்ட சுழல் இணைப்பிகளில் அவை நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தன. தொடக்கப் பொத்தானை அழுத்தியதும் அவை நினைவகத்தில் ஏறி, தாள்நாடாவிலிருந்த நிரலைப் படித்தன.

தம் வாழ்நாளின் பெரும்பகுதி தம் நிரல்களிலேயே பிழை தேடுவதில் கழியப்போகிறது என அக்காலத்திலேயே உணர்ந்ததாக வில்க்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

பதுக்கு நினைவகம்

பெரிய நினைவகம் மெதுவானது. விரைவான நினைவகம் விலை மிகுந்தது. அடிக்கடி தேவைப்படும் சொற்களின் படிகளை மட்டும், அவற்றின் முகவரிக் குறியுடன் ஒரு சிறிய விரைவு நினைவகத்தில் வைத்துக்கொள்ளலாம் என 1965 இல் வில்க்ஸ் எழுதினார். அதற்கு 'அடிமை நினைவகம்' எனப் பெயரிட்டார். 1968 இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 360 வரிசையின் 85 ஆம் மாதிரியில் இக்கருத்து வணிக வடிவம் பெற்றது.

இயங்குதளம் தொடங்கும்போது இப்படிகளே இடராகவும் அமையலாம். பதுக்கு நினைவகத்தில் பழைய அல்லது பொருளற்ற மதிப்புகள் எஞ்சியிருந்தால், செயலி அவற்றையே உண்மையெனக் கொள்ளும். கணினி எந்தச் செய்தியும் காட்டாமல் நின்றுவிடக்கூடும். ஆகவே ஆர்ம் வகைச் செயலிகளில், தரவுப் பதுக்கு நினைவகம் அணைக்கப்பட்ட நிலையிலேயே லினக்ஸின் கெர்னல் எனும் கருவகம் இயங்கத் தொடங்குகிறது. பழைய படிகளைச் செல்லாதவையாக்கி, நினைவகப் பக்க அட்டவணைகளை அமைத்த பின்னரே அது பதுக்கு நினைவகத்தை இயக்குகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சக்தி செயலி 2018 இல் லினக்ஸைத் தொடக்கியது. அதுபோன்ற புதிய செயலியை உருவாக்குவோரும் இதே கவனத்துடன் செயற்பட வேண்டியுள்ளது.

சிறப்புகள்

செயலியின் கட்டுப்பாட்டுப் பகுதியையே சிறு ஆணைகளால் அமைக்கும் நுண்நிரலாக்க முறையை 1951 இல் வில்க்ஸ் முன்மொழிந்தார். 1967 இல் டூரிங் விருதும், 2000 இல் சர் பட்டமும் பெற்றார். 2010 இல் தமது 97 ஆவது அகவையில் காலமானார்.