சாம்பலுக்குள் உலோகம் கண்ட டேவி

பாய்லர் ட்யூபில் கெட்டியாய் ஒட்டும் சாம்பலுக்குப் பின்னால் ஒரு மனிதரின் கதை இருக்கு, தெரியுமா?

1778-ல் இங்கிலாந்தின் பென்சான்ஸ் ஊரில் மரச்சிற்பி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ஹம்ப்ரி டேவி. சின்ன வயசிலேயே அப்பா காலமானார். பல்கலைக்கழகப் படிப்பு கிடைக்கவில்லை. ஒரு வைத்தியரிடம் தொழில் பழகிக்கொண்டே ரசாயனத்தைத் தானாகக் கற்றார்.

1807-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், மரச்சாம்பலிலிருந்து எடுக்கும் பொட்டாஷில் மின்சாரம் பாய்ச்சினார். வெள்ளி போல் மின்னும் மணிகளாய்ப் பொட்டாசியம் பிறந்தது. சில மணிகள் உடனே தீப்பிடித்தன. மனுஷன் சந்தோஷத்தில் குதித்து ஆடினாராம்! சில நாளில் சோடியமும் கிடைத்தது.

1812-ல் ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 92 பேர் மாண்டனர். 1815-ல் டேவி, சுடரைச் சுற்றிக் கம்பிவலை போட்ட பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். வலை சூட்டை இழுத்துக்கொள்ளும். சுடர் வெளியே தாவாது. அதற்குப் பேடன்ட் எடுத்துக் காசு பார்க்கவில்லை. 1829-ல் ஜெனீவாவில் 50 வயதில் மறைந்தார்.

அவர் பிரித்தெடுத்த இரண்டு உலோகங்களும் நிலக்கரிக்குள்ளும் உண்டு. ஃபர்னஸ் சூட்டில் உப்பாக இருக்கும் சோடியம் சீக்கிரம் ஆவியாகும். களிமண்ணோடு பிணைந்த பொட்டாசியம் லேசில் கிளம்பாது. ஆவியானது கந்தக ஆக்ஸைடோடு சேர்ந்து சல்ஃபேட்டாகி, சூப்பர்ஹீட்டர் ட்யூபில் பசையாய்ப் படியும். அதன்மேல் சாம்பல் ஒட்டும். நீராவிக்குச் சூடு சரியாப் போகாது. அடியில் ட்யூப் அரிக்கும்.

ஆகவே, நாளைக்குப் பாய்லர் பக்கம் வேலைக்குப் போனால், கரியில் சாம்பல் எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்தாதீங்க. அந்தச் சாம்பலுக்குள் என்ன இருக்கு என்றும் கேளுங்க. டேவி கேட்டதும் அதைத்தான்!