ஏழைகளின் பக்கம் நின்ற கவர்னர்

விக்டோரியா மகாராணியின் காலத்தில் பிரிட்டிஷ் அரசு உலகின் பல பாகங்களுக்கும் கவர்னர்களை அனுப்பி வந்தது. சென்ற இடமெல்லாம் ஏழைகளின் அன்பையும் செல்வந்தரின் கோபத்தையும் ஒருங்கே தேடிக்கொண்ட ஒருவர் அவர்களிடையே இருந்தார். அவர்தான் சர் ஜான் போப் ஹென்னஸி. பெயரில் ‘போப்’ என்று இருப்பதால் திருத்தந்தையின் உறவினரோ என்று எண்ணிவிடாதீர்கள், தோழியரே! அது அவருடைய பெயரின் ஒரு பகுதி மட்டுமே. ஆயினும் அவர் நல்ல கத்தோலிக்கக் குடும்பத்தில் உதித்தவர்.

அயர்லாந்து நாட்டின் கார்க் நகரில் 1834-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் ஜான் பிறந்தார். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்புதான் கத்தோலிக்கர் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அமரலாம் என்ற உரிமை கிடைத்திருந்தது. ஜானுக்குப் பதினொரு வயதானபோது உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதைத் தொடர்ந்து அயர்லாந்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. ஆளப்படுபவர்களின் துன்பம் எத்தகையது என்பதைச் சிறு வயதிலேயே கண்டவர் அவர்.

மருத்துவம் பயின்ற ஜான், அரசியலில் ஆர்வம் கொண்டு லண்டன் சென்றார். 1859-இல், 24-ஆம் வயதில், பாராளுமன்ற உறுப்பினரானார். கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் அங்கு அமர்ந்த முதல் கத்தோலிக்கர் அவரே. 1865-இல் தோல்வி கண்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், போர்னியோவை அடுத்துள்ள லபுவான் என்னும் சிறு தீவின் கவர்னராக நியமிக்கப்பட்டார். அத்தீவின் அதிகாரியான ஹியூ லோ என்பவரின் மகள் கிட்டியை அங்கே மணந்தார்.

1872-இல் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு மாற்றப்பட்டார். சியரா லியோனில் ஏழை மக்கள் தம் குடிசைகளுக்கும் வரி கட்டித் தவித்தனர். அவ்வரியை அவர் நீக்கினார். நன்றி மறவாத அம்மக்கள் பல ஆண்டுகள் அவர் பெயரால் ஒரு திருநாளே கொண்டாடி வந்தனர்.

ஆனால் அவரிடம் ஒரு பெரிய குறையும் இருந்தது. அவர் பொறுமையற்றவர். உடன் பணிபுரிவோரைக் கலந்து பேசமாட்டார். எதிர்ப்பவரை அணைத்துச் செல்லவும் அறியார். இந்தக் குறை மேற்கிந்தியத் தீவான பார்படோஸில் பெருந்தீங்காய் முடிந்தது.

அங்கே அடிமைகள் விடுதலை பெற்று நெடுங்காலமாகியும், நிலமும் அதிகாரமும் வெள்ளைத் தோட்ட முதலாளிகளிடமே இருந்தன. அருகிலுள்ள தீவுகளோடு பார்படோஸை இணைக்க லண்டன் அரசு விரும்பியது. 1875-இல் வந்த ஹென்னஸி அதனை விரைந்து நிறைவேற்ற முற்பட்டார். முதலாளிகள் எதிர்த்தனர். கவர்னர் தம் பக்கம் இருக்கிறார், தமக்கு நிலம் கிடைக்கப் போகிறது என்று கூலி மக்கள் நம்பினர். 1876 ஏப்ரலில் கலகம் வெடித்தது. எட்டுப் பேர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். யாருக்கு நன்மை செய்ய எண்ணினாரோ, அந்த ஏழைகளே துன்புற்றார்கள்!

அடுத்து 1877-இல் ஹாங்காங் சென்றார். அங்கே சீனர்களைப் பொது இடத்தில் சவுக்கால் அடிக்கும் வழக்கத்தை நிறுத்தினார். ஐரோப்பிய வணிகர்கள் கூட்டம் கூட்டிக் கண்டித்தனர். ஆனாலும் 1880-இல் இங் சோய் என்ற சீன வழக்கறிஞரைச் சட்டசபையில் அமர்த்தினார். அச்சபையில் இடம்பெற்ற முதல் சீனர் அவரே.

பெண்களாகிய நாம் மறக்கலாகாத செய்தி ஒன்றும் உண்டு. அந்நாளில் ஏழைச் சிறுமிகளையும் பெண்களையும் கடத்தி விற்கும் கொடுமை ஹாங்காங்கில் மலிந்திருந்தது. இதைத் தடுக்க ஒரு சங்கம் அமைக்கச் சீன வணிகர்கள் சிலர் 1878-இல் அனுமதி வேண்டினர். ஹென்னஸி மனமுவந்து ஆதரித்தார். ‘போ லியுங் குக்’ என்னும் அந்நிறுவனம் மீட்கப்பட்ட பெண்களுக்குப் புகலிடமாயிற்று. இன்றும் அது கல்விப் பணியும் சமூகப் பணியும் ஆற்றி வருகிறது.

1883-இல் மொரீஷியஸ் தீவு அவரை வரவேற்றது. மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்களுக்குச் சட்டசபையில் இடம் வேண்டும் என்று அவர் வாதாடினார். 1885-இல் பத்து இடங்கள் கிடைத்தன. ஆனால் சொத்தும் வருமானமும் உடையோர்க்கே வாக்குரிமை தரப்பட்டது. நம் நாட்டிலிருந்து சென்று கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர்க்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. அங்கும் அதிகாரிகளோடு பூசல் மூண்டது. 1886-இல் அவர் பதவியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டார். லண்டனில் தம் வழக்கை எடுத்துரைத்து, மறு ஆண்டே பதவியை மீண்டும் பெற்றார்.

1889-இல் ஓய்வு பெற்று அயர்லாந்து திரும்பினார். மறு ஆண்டு டிசம்பரில் மீண்டும் பாராளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் உடல் தளர்ந்துவிட்டது. 1891 அக்டோபர் 7-ஆம் நாள், 57-ஆம் வயதில், அவர் உயிர் நீத்தார்.

மொரீஷியஸின் தலைநகரில் அவருக்குச் சிலை உண்டு. ஹாங்காங்கில் ஒரு பெரிய சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்புத் தோழியரே! ஹென்னஸி புனிதரல்லர். பிற நாடுகளை அடக்கி ஆண்ட ஓர் அரசின் ஊழியராகவே வாழ்ந்தார். ஆனால் தம் ஆட்சிக்குட்பட்டவரும் கடவுளின் பிள்ளைகளே என்பதை அவர் மறக்கவில்லை. அவரது துணிவை நாம் பின்பற்றுவோம். அவரது அவசரத்தைக் கண்டு எச்சரிக்கை கொள்வோம். பிறர்க்கு நன்மை செய்ய நல்ல மனம் மட்டும் போதாது. பொறுமையும் விவேகமும் வேண்டும். இல்லையேல் நாம் கொளுத்திய விளக்கே எளியவரின் கூரையைச் சுட்டுவிடும்.