வானத்துக் கல்லை ஆராய்ந்த காலி மைந்தர்

மாத்தளையில் உயர்தர வகுப்பு மாணவர்க்குத் திருவண்டப்பகுதியை விளக்கிக்கொண்டிருந்தேன். எண்ணிறந்த அண்டங்களை மணிவாசகர் காட்டும் இடம் வந்ததும் ஒரு மாணவன் எழுந்து, அவற்றிலெல்லாம் உயிர்கள் உண்டா ஐயா என்று வினவினான். இலக்கணத்தில் எந்த ஐயத்துக்கும் அஞ்சாத நான் அன்று நகைத்து மழுப்பிவிட்டேன். அந்த வெட்கமே சிறில் பொன்னம்பெருமவின் வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டிற்று.

பெயரிற் 'பொன்' ஒலிப்பதால் தமிழரோ என மயங்குதல் வேண்டா, அவர் சிங்களவர். 1923ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள் காலியிற் பிறந்தவர். முதலில் அவர் கற்றது இரசாயனமன்று, மெய்யியல். 1948இல் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் பேர்க்பெக் கல்லூரியில் பேரறிஞர் பேணலிடம் இரசாயனம் பயின்று 1959இல் இரண்டாம் பட்டமும், கலிபோர்ணியாவில் மெல்வின் கல்வினிடம் பயின்று 1962இல் கலாநிதிப் பட்டமும் எய்தினார். உயிர் எங்ஙனம் தோன்றிற்று என்னும் மெய்யியல் வினாவைச் சோதனைக் குழாய்க்குள் இறக்கிப் பார்க்கும் துணிவு இவ்விருவழிக் கல்வியால் வந்ததென்றே நான் கருதுகிறேன். மெதேன், அமோனியா, நீர் ஆகியவற்றின் கலவையில் இலத்திரன் கற்றையைப் பாய்ச்சினால், மரபுப்பொருளின் ஓருறுப்பாகிய அடெனின் உண்டாகும் என்பதை 1963இல் அவரும் உடனாய்வாளரும் காட்டினர்.

1969 செப்டெம்பர் 28இல் அவுஸ்திரேலியாவின் மேச்சிசன் என்னும் ஊரில் ஒரு விண்கல் சிதறி வீழ்ந்தது. திரட்டிய துண்டுகள் 100 கிலோகிராமுக்கும் மேல். நாசாவிற் பணியாற்றிய பொன்னம்பெருமவின் குழுவினர், புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்களை அதிற் கண்டனர். கண்டால் என்ன? மனிதர் விரல் பட்டாலே அவை ஒட்டிக்கொள்ளும்; முன்னைய விண்கல் ஆய்வுகள் இவ்வையத்தாலேயே மதிப்பிழந்தன. ஆதலின் அவர்கள் அமிலங்களின் வடிவை நோக்கினர். இடக்கையும் வலக்கையும் ஒத்திருந்தும் ஒன்றன்மேலொன்று பொருந்தாமை போல, இவ்வமிலங்களுட் பெரும்பாலானவை இரு வடிவுடையன. பூவுலக உயிர்கள் தம் புரதங்களை இடக்கை வடிவாலேயே ஆக்குகின்றன. கல்லிலோ இரண்டும் ஏறக்குறையச் சமமாய்க் கிடந்தன; புரதங்களிற் காணப்படாத அமிலங்களும் உடனிருந்தன. அவை கைபட்ட அழுக்கல்ல, விண்ணிலேயே விளைந்தவை என 1970இல் அறிவித்தனர்.

அச்சமநிலையே, அவை உயிரால் ஆக்கப்படாதவை என்பதற்கும் சான்றாயிற்று. செங்கல்லைக் கண்டார்; வீட்டைக் கண்டாரல்லர். சந்திரனிலிருந்து கொணர்ந்த மண்ணை ஆராய்ந்தபோதும் உயிரின் தடம் தென்படவில்லை.

1971இல் மேரிலண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1984இல் நம் நாட்டு ஜனாதிபதியின் விஞ்ஞான ஆலோசகராகி, கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தின் பணிப்பாளராகவும் பணியாற்றினார். நான் அக்காலத்திற் பள்ளிச் சிறுவன். மாத்தளையிலிருந்து பேருந்தேறிக் கண்டிக்கு எத்தனையோ முறை போய்வந்தவன். இப்படியொருவர் அவ்வூரில் இருக்கிறார் என எனக்குச் சொல்வாரில்லை. 1994 டிசம்பர் 20இல் அமெரிக்காவிற் காலமானார்.

பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 2023இல் கொணர்ந்த துகளில், நம் புரதங்களுக்குரிய 20 அமினோ அமிலங்களுள் 14 இருப்பதாக 2025இல் அறிவித்தனர். அங்கும் இடமும் வலமும் சமமே.

அம்மாணவனை அழைத்து இவ்வளவும் சொன்னேன். செங்கல் கிடைத்ததென்றால் எங்கேனும் வீடும் இருக்குமல்லவா என்றான். இன்றுவரை எவரும் கண்டதில்லை என்றேன்.