தமிழுக்கு வைத்தியக் கல்வி தந்த கிறீன்

பண்டை நாளில் மாதோட்டத் துறையிலே பல நாட்டுக் கலங்கள் வந்து தங்கின. பொருளைப்போலவே கல்வியும் கடல் கடந்து வரும். அவ்வாறு வந்த கல்வியை அயல்மொழியிலேயே வைத்திருப்பதா, நம்மொழியில் ஏற்றுக்கொள்வதா என்னும் வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

இவர் அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்தார். 1845இல் நியூயோர்க்கிலே வைத்தியப் பட்டம் பெற்றார். 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தடைந்தார். மானிப்பாயில் நோயாளரைப் பராமரித்துக்கொண்டே 1848 முதல் உள்ளூர் மாணவர்க்கு வைத்தியம் கற்பித்தார். தாம் கற்றவாறே முதலில் ஆங்கிலத்திற் போதித்தார். ஆங்கிலத்தில் தேர்ந்தவர்களோ உத்தியோகம் நாடி ஊரைவிட்டு அகலலாயினர். வாந்திபேதியும் அம்மையும் வாட்டிய கிராமங்கள் வைத்தியரின்றியே கிடந்தன.

தமிழிலே கற்றவர் தமிழ்க் கிராமத்தில் நிலைத்துநின்று பணிபுரிவர் என்று கிறீன் துணிந்தார். 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்டவர், 1864 முதல் தமிழிலேயே வைத்திய வகுப்பை நடத்தினார். அதற்கு வேண்டிய நூல்களைத் தம் மாணவரின் துணையோடு ஆக்கினார். கலைச்சொல் வேண்டுமிடத்து முதலில் தமிழிலும், பின்னர் வடமொழியிலும் தேடினார். இரண்டிலும் கிடையாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அமைத்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் முதலியன இம்முயற்சியின் பயன்கள். கிறே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரில் 1872இல் வெளிவந்தது.

கிறீன் பிறந்த ஆண்டிலேயே நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். மிஷனின் மதமாற்றத்தை எதிர்த்துச் சைவங் காத்த அப்பெரியார், நமது திருக்கேதீச்சரத்தைப் புதுப்பிக்குமாறு மக்களை வேண்டியதும் அதே 1872ஆம் ஆண்டிலாகும். கிறீன் தம் சமயத்தைப் பரப்பவே வந்தவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும், தமிழ் உரைநடையை வளர்த்த இருவரும் நம் நன்றிக்குரியரே.

அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரைப் பயிற்றிய கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். அவருள் முப்பதுக்கு மேற்பட்டோர் தமிழிலே கற்றவர். ஊர் சென்ற பின்னரும் தமிழ் நூற்பணியை விடாத அவர் 1884இல் மறைந்தார். தமிழர்க்கு வைத்தியராய் வாழ்ந்தமையைத் தம் கல்லறையிற் பொறிக்கவேண்டும் என்பதே அவர் விருப்பம்.

அவருக்குப்பின் தமிழ் வைத்திய வகுப்பு நிலைபெறவில்லை. 1870இல் கொழும்பிலே தோன்றிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது; இன்றும் நம் மருத்துவ பீடங்களின் மொழி அதுவே. பிறநாடுகளில் மருத்துவம் பயின்று மீளும் இளைஞர், இலங்கையிலே தொழில் புரியுமுன் பதிவுத் தேர்வொன்றிற் சித்தியடைதல் வேண்டும். ஒரு நாட்டுக் கல்வி மற்றொரு நாட்டிற் செல்லுமா என்பதை அத்தேர்வு அளக்கின்றது. அக்கல்வி நோயாளியின் செவிக்கு விளங்குமா என்பதையோ கிறீன் அளந்தார். மன்னார்க் கரையிலிருந்து மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவர் இவ்விரண்டாம் அளவையையும் மறவாதிருப்பாராக.