குருமடம் விட்டு வந்த சங்கீத வித்வான்



குருமடத்துக்குப் போன பையன் பாதியில் வீடு திரும்பினால் நம் ஊர்களில் என்ன நடக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். தாய் வெளியே தலைகாட்டக் கூசுகிறாள். அக்கம்பக்கத்தார் காதோடு காதாகப் பேசுகிறார்கள். பையனோ பூசைக்கு வந்தாலும் கடைசித் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறான். அப்படிக் குருமடத்தை விட்டு வந்த ஒருவரின் சரித்திரத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் அமைத்த இசையை உங்களில் அநேகர் கேட்டிருப்பீர்கள். அவர் பெயரை அறிந்தவர்கள் சிலரே. அவர்தான் பிரான்சு தேசத்துச் சார்லஸ் கூனோ.

கூனோ 1818-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். தகப்பனார் சித்திரக்காரர். பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்புமுன்பே அவர் இறந்துபோனார். விதவையான தாய் பியானோ கற்றுக்கொடுத்துத் தன் பிள்ளைகளை வளர்த்தாள். சங்கீதத்தால் வயிறு வளர்ப்பது எவ்வளவு கஷ்டமென்று அறிந்தவளாகையால், மகன் அந்த வழியில் போவதை அவள் விரும்பவில்லை. மகனின் மனத்தை மாற்றும்படி பள்ளித் தலைமையாசிரியரை வேண்டிக்கொண்டாள். அவரோ பையனைச் சோதிக்க எண்ணி, ஒரு பாட்டின் சொற்களைக் கொடுத்து இசையமைக்கச் சொன்னார். பையன் அமைத்து வந்து பாடியதைக் கேட்டதும் அவர் கண் கலங்கி, அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்.

1839-ல் கூனோ அரசாங்கத்தின் பெரும் பரிசைப் பெற்று ரோமாபுரிக்குப் போனார். அங்கே சிக்ஸ்டைன் சிற்றாலயத்தில் பலஸ்திரினாவின் கீதங்களைக் கேட்டார். வாத்தியம் ஒன்றுமின்றி, மனிதக் குரல் மாத்திரமே ஜெபமாக எழும் அந்த இசை அவருடைய ஆத்துமத்தைப் பற்றிக்கொண்டது. சாமிநாதர் சபையின் பிரசித்தி பெற்ற பிரசங்கியாரான லக்கோர்தேர் சுவாமியாரின் போதகமும் அவரை ஆண்டவரிடம் இழுத்தது.

1843-ல் பாரீஸ் திரும்பி, அந்நிய நாட்டு வேதபோதக சபையாரின் கோயிலில் ஆர்கன் வாசிப்பவராகவும் பாடற்குழுத் தலைவராகவும் அமர்ந்தார். 1776 முதல் புதுச்சேரிப் பக்கத்தில் உழைத்த குருக்களை அனுப்பிய சபை அதுவே. கூனோ அங்கே பலஸ்திரினாவையும் பாக் என்பவரையும் பாடவைத்தார். நாடக மேடை மெட்டுகளில் பழகிய கோயில் ஜனங்களுக்கு அது பிடிக்கவில்லை, பங்குக்குருவிடம் முறையிட்டார்கள். கூனோ விட்டுக்கொடுக்கவில்லை. ஜனங்களே மெல்ல மெல்ல அந்த இசைக்குப் பழகினார்கள்.

அந்நாட்களில் தாம் குருவாக வேண்டுமென்ற ஆசை அவருக்கு உண்டாயிற்று. 1847-ல் அங்கி தரித்து, அர்ச். சுல்பீஸ் குருமடத்தில் வேதசாஸ்திரம் கேட்கலானார். தம் பெயரோடு குருக்களுக்குரிய பட்டத்தையும் சேர்த்துக் கையெழுத்திட்டார். ஆனால் தமக்கு அந்த அழைத்தல் இல்லையென்று கண்டுகொண்டு, 1848-ல் வெளியேறினார். அப்போது அவருக்கு வயது முப்பது. கையில் நிலையான வேலை ஏதுமில்லை.

சர்வேசுரன் அவரைக் கைவிட்டாரா? இல்லை. 1851-ல் அவருடைய முதல் ஒபெரா, அதாவது இசை நாடகம், மேடையேறியது. 1852-ல் விவாகமாயிற்று. 1855-ல் அர்ச். செசிலியம்மாள் திருநாளில் அவருடைய பெரிய பாட்டுப்பூசை பாரீஸ் அர்ச். யுஸ்தாக் கோயிலில் பாடப்பட்டது. 1858 ஜனவரியில் ஒரு புது ஒபெரா அரங்கேறிய மறுநாளே அவரைப் பாடுபட்டு வளர்த்த தாய் இறந்துபோனாள். மறு ஆண்டு மார்ச் 19-ந் தேதி அரங்கேறிய "ஃபாஸ்ட்" அவர் பெயரை உலகமெங்கும் பரப்பியது. பின்பு 1867-ல் "ரோமியோ ஜூலியெத்" வந்தது.

வாலிபத்துக்காகப் பசாசுக்குத் தன் ஆத்துமத்தை விற்ற ஒரு பண்டிதனின் கதைதான் ஃபாஸ்ட். அதில், அவனால் கெடுக்கப்பட்ட ஏழைப்பெண் கோயிலுக்குள் ஜெபிக்க வருகிறாள். ஆர்கன் ஒலிக்கிறது, பசாசு அவளை ஜெபிக்கவிடாமல் தடுக்கிறது. முடிவிலோ அவள் சம்மனசுகளை அழைத்து மன்றாடி இரட்சிக்கப்படுகிறாள். கோயிலில் ஆர்கன் வாசித்த கையல்லவா அந்தக் காட்சிகளை எழுதிற்று? குருமடத்தில் கற்றது நாடக மேடையிலும் வீண்போகவில்லை.

பாக் 1722-ல் தொகுத்த ஒரு சிறு பியானோப் பாடத்தின்மேல் கூனோ தம்முடைய இசையைப் பொருத்தினார். 1859-ல் அதற்கு அருள் நிறைந்த மந்திரத்தின் இலத்தீன் சொற்கள் அமைந்தன. கலியாணப் பூசைகளில் நீங்கள் கேட்கும் ஆவே மரியா அதுதான். வேதபோதகக் குருக்கள் கப்பலேறுமுன் பாடிய வழியனுப்புப் பாட்டுக்கும் அவரே இசையமைத்தார். அதன் சொற்களை எழுதிய தாலே சுவாமியார் மைசூர் மிஷனில் உழைத்தவர்.

அவரை நான் அர்ச்சியசிஷ்டராக்கப் பார்க்கவில்லை. 1870-ல் பிரஷிய யுத்தத்தின்போது குடும்பத்தோடு இலண்டனுக்குப் போனார். பின்பு மனைவி மக்கள் பாரீசுக்குத் திரும்பியும், அவர் வேறொரு குடும்பத்தாரின் வீட்டில் 1874 வரை தங்கிவிட்டார். அந்த மனைவியின் வேதனையை நாம் மறக்கலாகாது. நோயுற்ற நிலையில்தான் ஊர் திரும்பினார். பின்பு எழுதிய ஒபெராக்கள் முன்போல் எடுபடவில்லை. அவர் மறுபடியும் தேவ காரியங்களைப் பாடலானார். இரட்சணியத்தைக் குறித்த பெரிய கீதத்தொகுதி 1882-ல் இங்கிலாந்தில் பாடப்பட்டது.

1893 அக்டோபரில், இறந்துபோன தம் பேரனுக்காக எழுதிய மரித்தோர் பூசைப் பாடலில் உழைத்துக்கொண்டிருக்கையில் நினைவிழந்து, 18-ந் தேதி மரித்தார். தம் அடக்கப் பூசையில் ஆர்கனும் வாத்தியங்களும் வேண்டாம், குரல் மாத்திரம் போதும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே நடந்தது. வாலிபத்தில் ரோமாபுரியில் கேட்ட ஜெபத்தோடே போனார்.

இன்னுமொன்று. 9-ம் பத்திநாதர் பாப்பரசரின் குருத்துவப் பொன்விழாவுக்காக 1869-ல் அவர் இயற்றிய இசையை, 1949-ல் 12-ம் பத்திநாதர் வத்திக்கானின் கீதமாக ஏற்றுக்கொண்டார். குருப்பட்டம் பெறாதவரின் இசை இன்றும் பாப்பரசருக்கு முன்பாக ஒலிக்கிறது.

ஆகையால் பெற்றோரே, குருமடத்திலிருந்து திரும்பிய மகனைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அவன் ஆண்டவரைவிட்டு ஓடி வந்தவனல்ல. தன் வழி எதுவென்று கேட்டு வந்தவன். தூணுக்குப் பின்னால் நிற்கும் அந்தப் பிள்ளையை வரும் ஞாயிற்றுக்கிழமை பாடற்குழுவுக்கு அழைத்து வாருங்கள்.